முடிச்செல்லுக்கு ஒரு மொட்டைக் கடிதம்

அன்பு மகனே,

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்க்க வேண்டாம். மகனே என்றுதான் எழுதியிருக்கிறேன். எழுதுவது உன் பெண். படிப்பது அவள் நைனாவாகிய நீ. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இன்னாம்மா, வாம்மா, சாப்டியாம்மா என்று நாளைக்கு நூறு அம்மா போடுகிறாய். பதினேழு வருடமாக வாயால் கொடுத்துவந்த பதவியை இன்று ஒரு நாள் நான் எடுத்துக்கொள்கிறேன். ஆகவே மகனே, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பதை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பு. கவரை ஒட்டவில்லை. இதைக் கொண்டுவரும் மாமா படித்தாலும், பக்கத்துக் கட்டில்காரர் படித்தாலும், நர்ஸ் அக்கா படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டிய வேலையெல்லாம் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டேன்.

தாலுகா ஆபீசுக்கு எதிரே, நீ மனு எழுதும் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் நாற்காலி, உன் பேனா, ஓரம் மடித்த உன் வெள்ளைத் தாள். வீட்டில் உட்கார முடியவில்லை. அங்கே அந்த ஃபிரிட்ஜ் இருக்கிறது. பதினோரு மணிக்கு அம்மா புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். "காச்சல் எறங்கிடுச்சுடி. நாளன்னிக்கி மறுபடி அந்த ஊசிய ஆரம்பிக்கலாமான்னு டாக்டரம்மா கேட்டாங்க. உங்க நைனா செவுத்துப் பக்கம் திரும்பிக்கினு, வேணாம், என்னால முடியாதுன்னுட்டாரு" என்றாள். நீ சம்மதித்தால்தான் போடுவார்களாம். மாமா நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறார். அதற்குள் உன் 'முடியாது'க்குப் பதில் எழுதி முடித்தாக வேண்டும்.

சனிக்கிழமை காலையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் எழுத வராது. உன் மருந்துக் குப்பிகளுக்கு நான் சீட்டு ஒட்டியது உனக்குத் தெரியும். மனு 1, மனு 2 என்று வரிசையாக எழுதி ஒட்டினேன். வாரத்துக்கு மூன்று ஊசி: திங்கள், புதன், வெள்ளி. இரண்டு வாரத்தில் ஆறு மனுவும் போய்ச் சேர்ந்துவிட்டன என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உனக்கு உடம்பு கொதித்தது. "ஊசிக் காச்சல்தாம்மா, காலைல போயிடும்" என்றாய். நானும் ஈரத்துணியைப் பிழிந்து நெற்றியில் போட்டு, "மனு ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு போலக்கீது நைனா" என்று சிரித்தேன். காலையில் காய்ச்சல் போகவில்லை. சரி, எலுமிச்சம்பழம் பிழிந்து தரலாம் என்று ஃபிரிட்ஜில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால் கையை விட்டேன். கையில் வந்தது மனு 5. அதன் பின்னாலேயே மனு 6. இரண்டும் திறக்கப்படவே இல்லை.

முதலில் நீ என்னை ஏமாற்றி விளையாடுகிறாய் என்று நினைத்துச் சிரித்தேன், தெரியுமா? என்னிடம் கற்றுக்கொண்டு என் மேலேயே பிரயோகிக்கிறாய் என்று கொஞ்சம் பெருமைகூட வந்தது. அப்புறம்தான் விரல் விட்டு எண்ணினேன். புதன் போடவில்லை. வெள்ளி போடவில்லை. போடாத ஊசிக்குக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது? "ஊசி போட்டுச் சில மணி நேரத்துல வந்து மறுநாள் போற காய்ச்சல் பரவாயில்ல. வேற எந்தக் காய்ச்சல் வந்தாலும் ஒரு மணி நேரம்கூட வீட்டுல வெச்சிருக்காதீங்க, இவருக்குக் கிருமியோட சண்டை போட ஆள் இல்ல" என்று டாக்டரம்மா சொன்னது காதில் அப்படியே கேட்டது. ஒரு ராத்திரி முழுக்க வைத்திருந்தோம். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துபோட்டபடி நின்றேன். அம்மா வந்து, "இன்னாடி பேய் அறைஞ்சா மாதிரி நிக்கற" என்றாள். குப்பி இரண்டையும் காட்டினேன். அதற்குப் பிறகு ஆம்புலன்ஸ், திண்டிவனம் ரோடு, நீ அரை மயக்கத்தில் யாரோ ஒருவருடைய பட்டா எண்ணை முணுமுணுத்துக்கொண்டு வந்தது, அதெல்லாம் உனக்கு நினைவிருக்காது. எனக்கு எதுவும் மறக்கப்போவதில்லை.

இப்போது என் தவறுகள். பெற்றவள் என்ற பதவியில் இருப்பவள் முதலில் தன் குற்றத்தைச் சொல்ல வேண்டும் இல்லையா? சித்திரை மாதம் உன் வயிறு பெரிதாகத் தொடங்கியது. உடம்பெல்லாம் இளைத்து வயிறு மட்டும், அதுவும் இடது பக்கமாக. இரண்டு இட்லி தின்றால் போதும் என்று எழுந்துவிடுவாய். "எத்தினியாவது மாசம் நைனா?" என்று நான் ஆரம்பித்தேன். நீயும் சளைக்காமல், "ஏழு முடிஞ்சுதும்மா" என்றாய். விடுவேனா நான்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பஜாரில் ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி, எலுமிச்சை சாதம், புளி சாதம், தேங்காய் சாதம் கிளறி, தெருவில் உள்ள அக்காக்கள், அத்தைகள் எல்லோரையும் கூட்டி உனக்கு வளைகாப்பு நடத்தினேன். நீ பெஞ்சில் மாலையோடு உட்கார்ந்து, "பொண்ணு பொறந்தா இவள மாதிரி இருக்கக் கூடாது தாயே" என்று வேண்டிக்கொண்டாய். தெருவே உருண்டு புரண்டு சிரித்தது. வளையல் உன் விரல் முட்டியைத் தாண்டவில்லை. நான் விடாமல் அழுத்தினேன். அழுத்திய இடமெல்லாம் நீலமாகக் கன்றி, பத்து நாள் ஆகியும் அது போகவில்லை. "இன்னா நைனா, தோலு கத்திரிக்கா கலர்ல கீது" என்று அதற்கும் ஒரு ஜோக் அடித்தேன்.

அந்த வயிற்றில் இருந்தது வீங்கிய மண்ணீரல். கை கன்றியது ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்துபோனதால். உன் உடம்பு என்னிடம் இரண்டு மனு கொடுத்திருக்கிறது மகனே. இரண்டையும் நான் கேலி செய்து திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது மட்டுமா? வளைகாப்புக்கு அப்புறம் நீ சட்டையை உள்ளே விடுவதை நிறுத்திவிட்டாய். தொளதொளவென்று போட்டுக்கொண்டு வயிற்றை மறைத்தாய். மேசைக்கு வருகிறவர்கள்கூடக் கேலி பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று அம்மா இப்போதுதான் சொன்னாள். இருமல் வந்து, மூச்சு வாங்கி, டாக்டரிடம் சட்டையைத் தூக்கிக் காட்ட உனக்கு இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தை நான்தான் தின்றேன், புளி சாதத்தோடு.

நோயின் பெயரைச் சொன்ன அன்று மூன்று பேரும் டாக்டரம்மாவின் அறையில் இருந்தோம். ஹேரி செல் லுக்கீமியா. ரத்தப் புற்றுநோயிலேயே அபூர்வமான வகை, மெதுவாக வளர்வது. ரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகை, வேலை செய்ய வேண்டிய நேரத்தில் வேலை செய்யாமல், சாக வேண்டிய நேரத்தில் சாகாமல், எலும்பு மஜ்ஜையிலும் மண்ணீரலிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. நல்ல அணுக்கள் பிறக்க இடமில்லை. கண்ணாடித் துண்டில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த அணுவைச் சுற்றி மெல்லிய முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்கும், அதனால்தான் ஹேரி செல், முடிச்செல் என்று பெயர் என்றார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். உன் முகம் சாம்பலாகிவிட்டது. எனக்குப் பயம் வந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும், அது உனக்குத் தெரியும். "இவ்ளோதானா நைனா! முடி நோய்தானே? மேல்மலையனூர் அம்மனுக்கு ஒரு மொட்டை போட்டா சரியாப் பூடும்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நீ மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் அன்று படிக்கவில்லை. படித்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

அன்றைக்கே டாக்டரம்மா சொன்னதை உனக்கு மறுபடி சொல்கிறேன், அப்போது உன் காது மூடியிருந்தது. இந்த நோய்க்கு முதலில் கொடுக்கும் பெரிய மருந்து வேறு. அது முடிச்செல்களை ஒரேயடியாக வாரிக்கொண்டு போகும், ஆனால் கூடவே மிச்சமிருக்கும் நல்ல அணுக்களையும் கொஞ்ச காலத்துக்குப் படுக்கவைத்துவிடும். உன் நுரையீரலில் அப்போதே கிருமி இருந்தது. காவலே இல்லாத நேரத்தில் மிச்சக் காவலையும் அனுப்பிவிட முடியாது. அதனால் உன்னைப் போன்ற நிலையில் இருப்பவர்களுக்கு, முன்பு அதிகம் பயன்படுத்திய ஒரு மெதுவான மருந்தை முதலில் கொடுத்து, அணுக்கள் எண்ணிக்கை ஏறிய பிறகு பெரியதற்குப் போகலாம் என்றார். இன்டர்ஃபெரான். "இன்டர்ஃபியர்னா தலையிடறது. அதுலேர்ந்து வந்த பேருதான்" என்றார். சாம்பல் முகத்தோடு உட்கார்ந்திருந்த நீ அப்போது தலை நிமிர்ந்து, "தாங்கள் இதில் தலையிட்டு ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன், அதுவா டாக்டர்?" என்று கேட்டாய். இருபது வருடம் மனு எழுதிய வாய்! டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதேதான் சார். இது உடம்பே எழுதற மனுதான்."

அவர் சொன்னது இதுதான். ஒரு அணுவுக்குள் வைரஸ் புகுந்துவிட்டால், அந்த அணு இன்டர்ஃபெரானைச் சுரந்து வெளியே அனுப்புகிறது. என் கதை முடிந்தது, நீங்கள் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், காவலை எழுப்புங்கள் என்று அக்கம்பக்கத்து அணுக்களுக்கு மனு. அது கிடைத்ததும் பக்கத்து அணுக்கள் உஷாராகின்றன. ஃப்ளூ காய்ச்சலில் உடம்பு முறிகிறதே, குளிர்கிறதே, அதில் பெரும் பங்கு வைரஸ் செய்வதில்லை, இந்த மனுக்கள் செய்யும் அமளி. உனக்கு ஊசியில் போடுவது, வைரஸே வராமல் வந்தது போல வெளியிலிருந்து எழுதிப் போடும் மனு. அனுப்பியவர் பெயர் கிடையாது. "அப்ப மொட்டைக் கடுதாசி டாக்டர்!" என்று நான் கத்தினேன். முடிச்செல்லுக்கு மொட்டைக் கடிதம்! உடம்பையே ஏமாற்றும் குறும்பு! எனக்கு அந்த மருந்தின் மேல் காதலே வந்துவிட்டது. அதனால்தான் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டினேன்.

அந்தக் கடிதம் முடிச்செல்லை எப்படிச் சாகடிக்கிறது என்று நான் கேட்டேன். முழுதாகத் தெரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் சோதனைச் சாலையில் கண்டது இப்படி என்றார். அந்தச் செல் தனக்குத் தேவையான ஊட்டத்தைத் தானே சுரந்து, தானே குடித்து உயிர் வாழ்கிறது. இன்டர்ஃபெரான் வந்து தலையிட்ட பிறகு செல்லைச் சாகாமல் காத்துவந்த உள்காவல் கழன்றுவிடுகிறது. முன்பு எது அதற்குப் பாலாக இருந்ததோ, அதே சுரப்பு இப்போது விஷமாகிவிடுகிறது. வெளியிலிருந்து யாரும் வெட்டுவதில்லை. தன் கையால் தானே போய்ச் சேர்கிறது. ஆனால் மஜ்ஜையில் இறுகப் பற்றிக்கொண்டிருக்கும் செல் லேசில் சாகாது. அதனால்தான் ஒரு ஊசி போதாது, வாரம் மூன்றாக மாதக்கணக்கில் போட வேண்டும். வேரோடு பிடுங்கவும் பிடுங்காது. உனக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் வாங்கித் தரும், அவ்வளவுதான். நம் ஊர்க் கோட்டையை எத்தனை பேர் எத்தனை மாதம் முற்றுகை போட்டார்கள் என்று சின்ன வயதில் எனக்குக் கதை சொன்னவன் நீ. உனக்கா பொறுமையைப் பற்றி நான் சொல்ல வேண்டும்?

ஆனால் முதல் ஊசிக்கே நீ அதிர்ந்துபோனாய். பல் கிட்டித்து, இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, "காச்சல நிறுத்தத்தானே மருந்து? மருந்தே காச்சலா?" என்று கேட்டாய். முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொண்டால் குறையும், இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு பழகிவிடும் என்றார்கள். நீ நாலு ஊசி தாங்கினாய். வியாழக்கிழமை அமாவாசை, அம்மனுக்கு விசேஷம். புதன்கிழமை ஊசி போட்டால் மறுநாள் எழுந்து நடக்க முடியாது, மேல்மலையனூர் போக முடியாது. அதனால் ஐஸ் ஃப்ளாஸ்க்கில் குப்பியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக் கிளம்புவது போலக் கிளம்பி, தெருமுனையில் டீ குடித்துவிட்டு, குப்பியை அப்படியே கொண்டுவந்து ஊறுகாய்க்குப் பின்னால் ஒளித்திருக்கிறாய். வெள்ளிக்கிழமை காலை பளபளவென்று மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஸ்பெஷல் பஸ்ஸிலிருந்து இறங்கினாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "நீதாம்மா சொன்ன" என்றாய். அதையும் ஜோக் என்றே எடுத்துக்கொண்டேன். மொட்டை போட்டாயிற்று, இனி எதற்கு ஊசி என்று ஆறாவதையும் நீ விட்டது எனக்குத் தெரியாது.

மகனே, அங்காளம்மன் உன்னிடம் முடியைத்தான் வாங்கிக்கொண்டாள், ஊசியை விடச் சொல்லவில்லை. ஊசியை விடச் சொன்னது நான். ஜோக்காகச் சொன்னேன், நீ வேதமாக எடுத்துக்கொண்டாய். கிருமி அத்தனை கூட்டத்தில் ஒட்டியதோ, அதற்கு முன்பே உள்ளே இருந்ததோ, அது யாருக்கும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: இன்னும் அரை நாள் போயிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எல்லா வாக்கியத்தையும் கிண்டலாக முடித்துப் பழகிய எனக்கு அந்த முடியாத வாக்கியம் இன்னும் காதுக்குள் சுற்றுகிறது.

இதோ, இந்த இடத்தில் எழுத்து நின்றது. தளவானூரிலிருந்து ஒரு அக்கா வந்து எதிரே நின்றாள். "நைனா இல்லியா கண்ணு?" என்றாள். ஆஸ்பத்திரியில் என்றேன். "அய்யோ, இன்னா உடம்புக்கு?" என்றாள். வழக்கமாக என் நாக்கில் வந்து விழும் எதுவும் விழவில்லை. "ரத்தத்துல கொஞ்சம் தகராறுக்கா" என்றேன். நில அளவைக்கு மனு வேண்டுமாம். நீ எழுதுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம், எழுதித் தந்தேன். 'தாங்கள் இதில் தலையிட்டு' என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. அவள் குனிந்து பார்த்து, "இன்னா கண்ணு, எழுத்து மறந்து பூட்ச்சா? இது மூணாவது மனு. அளந்தாங்க, கல்லு நட்டாங்க, இன்னும் ஒரு பக்கம் பாக்கி கீது. ஒண்ணு போட்டுட்டு வுட்டுடாத, நடுவுல வுட்டா திருப்பி மொதல்லேர்ந்து வரணும்னு உங்க நைனாதான் சொன்னாரு. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். கடைசியில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, "உங்க நைனாவாட்டமே போடறியே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு நான் மேசையில் தலை வைத்து அழுதேன். டீக்கடைக்காரர் பார்த்தார். பார்க்கட்டும்.

நீ எல்லோருக்கும் சொல்வதை நீ கேட்க மாட்டாயா? இன்னொன்றும் இருக்கிறது. இந்த மருந்து சிலருக்கு மனசை இருட்டாக்கும், பேச்சைக் குறைக்கும், எதுவும் வேண்டாம் என்று தோன்றவைக்கும், அப்படி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அதற்கும் வழி இருக்கிறது என்று முதல் நாளே டாக்டரம்மா சொன்னார். நாலாவது ஊசிக்குப் பிறகு நீ என் ஒரு ஜோக்குக்கும் பதில் ஜோக் அடிக்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்ன அந்த 'வேணாம்' உன்னுடையதா, மருந்தினுடையதா, பயத்தினுடையதா? யாருடையது என்று தெரியாமல் அதை நான் ஏற்றுக்கொள்வதாக இல்லை. நாளைக்கு டாக்டரம்மா வரும்போது அவரிடம் அதைச் சொல். குளிரைச் சொல், பயத்தைச் சொல், ஃபிரிட்ஜில் ஒளித்ததைச் சொல். நான் என் பங்குக்கு வளைகாப்பைச் சொல்கிறேன். இனி நான் சிரிக்கவைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை, செய்தால் நீயே நம்ப மாட்டாய். உன் உடம்பு எது சொன்னாலும் முதலில் கேட்டுவிட்டு அப்புறம் சிரிப்பேன். அந்த வரிசையை மட்டும் மாற்ற மாட்டேன்.

அப்புறம் உன் 'முடியாது'. நன்றாக யோசித்துப் பார்த்தேன். மொட்டை போட்டுக்கொண்டு வந்தவன் முடியைப் பற்றிப் பேசவே கூடாது. உனக்கு இப்போது தலையில் முடி கிடையாது, வாயில் 'முடியாது' என்று இருந்தால் எப்படி? ஒன்றை அம்மனுக்குக் கொடுத்தாய். மற்றதை எனக்குக் கொடு.

மாமா வந்து ஸ்கூட்டரை நிறுத்திவிட்டார். ஹாரனை அழுத்துகிறார். தாங்கள் இதில் தலையிட்டு, தங்கள் உடம்புக்குத் தாங்களே ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடியில் அனுப்புநர் பெயர் போடவில்லை, மொட்டைக் கடிதத்துக்குப் பெயர் கிடையாது. ஆனால் பெறுநர் சம்மதித்ததற்கு அத்தாட்சி வேண்டும். இந்தத் தாளை மாமாவிடம் திருப்பிக் கொடுத்தனுப்பு. பென்சிலால் கீழே ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறேன்.

இங்க போடு, நைனா. அழுத்திப் போடு.

×